டோரஸ், கரோல், சுவாரஸ்: 2011 ஜனவரி 31-ஐ ‘ஃப்ளாப்’, ‘பேனிக் பை’, ‘ஸ்டீல்’ என்ற சொற்களால் எடைபோட முடியுமா?

மைதானவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2011 ஜனவரி 31 அன்று, கால்பந்துக் கழகங்கள் வீரர்களை வாங்கி விற்கும் மாற்றுச் சந்தை இங்கிலாந்தில் மூடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு நடந்து முடிந்த மூன்று வீரர் மாற்றங்களைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். அன்று ஃபெர்னாண்டோ டோரஸ் லிவர்பூலை விட்டு 5 கோடி பவுண்டுக்குச் செல்சி சென்றார். நியூகாசிலின் ஆண்டி கரோலை லிவர்பூல் 3.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஹாலந்தின் அயாக்ஸிலிருந்து லூயிஸ் சுவாரஸ் 2.28 கோடி பவுண்டுக்கு அதே லிவர்பூலில் வந்து சேர்ந்தார்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிச் சந்தை திறக்கும்போது தொலைக்காட்சி அரங்குகளில் அமர்ந்து பேசும் முன்னாள் வீரர்கள் இந்த மூன்று பெயர்களையும் தவறாமல் எடுக்கிறார்கள். டோரஸ் ‘ஃப்ளாப்’ (படுதோல்வி), கரோல் ‘பேனிக் பை’ (பதற்றத்தில் வாங்கியது), சுவாரஸ் ‘ஸ்டீல்’ (அள்ளிக்கொண்ட மலிவு பேரம்) என்று ஆளுக்கு ஒரு சொல்லைப் பதித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். இவற்றோடு ‘லிட்டரலி’ (சொல்லுக்குச் சொல் உண்மையாகவே) என்ற சொல்லும் தவறாமல் சேர்ந்துகொள்கிறது. டோரஸ் செல்சியில் ‘லிட்டரலி காணாமல் போனார்’ என்று சொல்லப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 172 ஆட்டங்களில் அந்தச் சட்டையை அணிந்து, 45 கோல்கள் அடித்த ஒருவரைப் பற்றிச் சொல்லப்படும் வாக்கியம் அது.

டோரஸ் செல்சியில் சிறந்து விளங்கினார் என்று நான் வாதிட வரவில்லை. லிவர்பூலுக்காக 102 லீக் ஆட்டங்களில் 65 கோல்கள் அடித்தவர், செல்சிக்காக 110 லீக் ஆட்டங்களில் 20 கோல்கள்தான் அடித்தார். முதல் கோலுக்கே 2011 ஏப்ரல் 23 வரை, 903 நிமிட ஆட்டம், அவர் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அவர் 26 வயதில், உலகக் கோப்பை வென்ற அணியின் உறுப்பினராக வாங்கப்பட்டபோது செல்சிக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வழியில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. 2010-இல் அவர் முழங்காலில் இருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பது ஊரறிந்த செய்தி. அப்படியானால் தவறு வீரருடையதா, வாங்கியவர்களுடையதா, அல்லது தவறென்றே சொல்ல முடியாத ஒரு துணிவா?

என் கேள்வி இதுதான். பின்னால் நடந்ததை ஒதுக்கிவைத்து, அன்று கையில் இருந்த தகவல்களை மட்டும் கொண்டு பார்த்தால், இந்த மூன்றில் எது உண்மையில் தவறான முடிவு? விமர்சகர்கள் பழக்கத்தில் வீசும் சொற்கள் அதைச் சரியாகப் பார்க்கவிடாமல் நம்மைத் தடுக்கின்றனவா?

ஆன்ஃபீல்டு அன்பன் எழுதியது:

நண்பர் மைதானவாசி அவர்களுக்கு வணக்கம். நான் லிவர்பூல் ஆதரவாளன். அந்த நாளின் வலியும் மகிழ்ச்சியும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ‘பேனிக் பை’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனெனில் மூன்றிலும் அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது அதுதான்.

பதற்றத்தில் வாங்குவது என்றால், விலையைப் பற்றிய கணக்கே இல்லாமல், கிடைத்தவரைப் பிடித்துப்போடுவது என்று பொருள்படும். ஆனால் கழகத்தின் உரிமையாளர் ஜான் ஹென்றி பின்னர் விளக்கியபடி, அன்று லிவர்பூலிடம் தெளிவான ஒரு கணக்கு இருந்தது. டோரஸை விற்கும் விலை, கரோலை வாங்கும் விலையைவிட 1.5 கோடி பவுண்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே அது. நியூகாசில் விலையை ஏற்றினால், அந்தச் சுமை செல்சியின் தலையில் போய் விழும். 5 கோடியிலிருந்து 3.5 கோடியைக் கழித்துப் பாருங்கள், அந்த 1.5 கோடி அப்படியே நிற்கிறது. சுவாரஸையும் சேர்த்து அன்று லிவர்பூலின் கையிலிருந்து நிகரமாகப் போனது 78 இலட்சம் பவுண்டு. ஒரு கழகம் அந்த ஒரே நாளில் 5.78 கோடி பவுண்டை வாரி இறைத்தது என்று அரங்கில் இருந்து பேசுபவர்கள், மறுபக்க வரவைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே பணத்தின் பக்கத்தில் பதற்றம் இல்லை. ஆட்டத்தின் பக்கத்தில்தான் எனக்கு மன்னிக்க முடியாத குறை தெரிகிறது. கரோல் அப்போது தொடைக் காயத்துடன் இருந்தார். மார்ச் 6 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகத்தான் முதன்முதலாக, அதுவும் மாற்று வீரராக, களமிறங்கினார். அவர் தலையால் முட்டி அடிப்பதில் வல்லவர் என்பதால், அவருக்காகப் பக்கவாட்டிலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுக்கும் வீரர்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் கோடையில் வாங்கப்பட்ட ஸ்டூவர்ட் டவுனிங் 2011-12 லீக் பருவம் முழுவதும் ஆடி ஒரு கோலும் அடிக்கவில்லை, ஒரு கோலுக்கும் வழி செய்யவில்லை. கரோலை வாங்கியதைக் குறைசொல்லும் யாரும் இந்தத் தொடர்ச்சியைச் சொல்வதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கரோல் 2012 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் எவர்ட்டனுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தார். செல்சிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து ஒரு கோல் அடித்து, இன்னொன்றையும் ஏறத்தாழ அடித்தார். கோட்டின் மேல் வைத்து செல்சியின் கோல் காவலர் பெத்ர செக் அதைத் தடுத்தார். சில வாரங்களில் புதிய மேலாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் வந்தார். கரோல் வெஸ்ட் ஹாமுக்கு லோனில் அனுப்பப்பட்டார்.

‘ஃப்ளாப்’ என்ற சொல்லின் கேட்டைக் காண, அதே கோடையில் சண்டர்லாந்திலிருந்து வந்த ஜோர்டான் ஹெண்டர்சனைப் பாருங்கள். முதல் பருவம் முடிந்ததும் அவருக்கும் அந்த முத்திரை குத்தப்பட்டது. 2012-இல் அவரை ஃபுல்ஹாமுக்குத் தள்ளிவிடும் பேச்சுகூட நடந்தது. அவர் மறுத்து நின்றார். 2015-இல் அணித் தலைவரானார், 2019-இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் 2020-இல் லிவர்பூல் முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த லீக் கோப்பையையும் தன் கையால் தூக்கினார். முதல் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு உண்மையாகவே கேட்கத் தோன்றுகிறது.

டைன் கரை எழுதியது:

இந்த விவாதத்தில் எப்போதுமே விடுபட்டுப்போகும் கழகம் நியூகாசில் என்பதால், நான் அந்தப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கரோல் கேட்ஸ்ஹெட்டில் பிறந்த பையன். எங்கள் ஒன்பதாம் எண் சட்டை அவரிடம் இருந்தது. அந்தப் பருவத்தில் பாதி முடிவதற்குள் லீக்கில் 11 கோல்கள் அடித்திருந்தார். அவரை விற்றதும் எங்கள் உரிமையாளரைப் பேராசைக்காரர் என்றார்கள், கழகம் ‘இலட்சியமே இல்லாதது’ என்று அரங்குகளில் தீர்ப்பு வந்தது. ஐந்து நாட்கள் கழித்து அர்செனலுக்கு எதிராக 0-4 என்று பின்தங்கியிருந்து 4-4 என்று சமன் செய்த ஆட்டத்தை, கரோல் இல்லாத அணிதான் ஆடியது.

பிறகு அந்தப் பணத்துக்கும் அதனால் கிடைத்த நிதானத்துக்கும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். லில்லிலிருந்து யோஹான் கபாயே மிகக் குறைந்த விலைக்கு வந்தார். வெஸ்ட் ஹாம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதால் டெம்பா பா மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல் கிடைத்தார். 2012 ஜனவரியில் ஃப்ரைபர்க்கிலிருந்து பாபிஸ் சிஸ்ஸே வந்து அந்த ஒன்பதாம் எண்ணை அணிந்தார். பா அந்தப் பருவத்தில் 16 லீக் கோல்கள் அடித்தார். சிஸ்ஸே 14 லீக் ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். அவற்றில் இரண்டு, டோரஸ் போய்ச் சேர்ந்த செல்சியின் சொந்த மைதானத்திலேயே அடிக்கப்பட்டவை. மேலாளர் அலன் பார்டியூவின் கீழ் எங்கள் அணி 65 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பிடித்தது. செல்சி 64 புள்ளிகளுடன் ஆறாம் இடத்திலும், கரோலை வைத்திருந்த லிவர்பூல் 52 புள்ளிகளுடன் எட்டாம் இடத்திலும் நின்றன.

வாங்கியவர் தோற்றாரா என்று மட்டும் கேட்கும் விமர்சகர்கள், விற்றவர் என்ன செய்தார் என்று கேட்பதே இல்லை. கரோலின் விற்பனை எங்களுக்கு ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த வியாபாரம். அதை ‘பேனிக்’ என்ற சொல்லுக்குள் அடைத்தால், மேசையின் ஒரு பக்கத்தில் மட்டுமே ஆள் இருந்ததாக ஆகிவிடும்.

பேரேடு எழுதியது:

நண்பர் டைன் கரை, டெம்பா பா ‘மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல்’ வந்தார் என்று கவனமாக எழுதியிருப்பதற்கு என் நன்றி. தொலைக்காட்சியில் அதை ‘இலவசம்’ என்றே சொல்வார்கள். கணக்குத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில், கால்பந்தில் மிக அதிகமான குழப்பத்தை உண்டாக்கும் சொல் ‘ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்’ என்றே கருதுகிறேன்.

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தொகை எதுவும் இன்றி வேறு கழகத்துக்குச் செல்லலாம் என்றானது. பழைய கழகத்துக்குத்தான் பணம் இல்லை. புதிய கழகம் செலவு செய்யாமல் தப்பிவிடுவதில்லை. மாற்றுத்தொகையில் மிச்சமாகும் பணத்தின் பெரும்பகுதி வீரரின் ஒப்பந்த ஊக்கத்தொகையாகவும், உயர்ந்த சம்பளமாகவும், முகவரின் கட்டணமாகவும் வேறு வாசல் வழியாக வெளியேறுகிறது. 2001-இல் சோல் கேம்பல் டாட்டன்ஹாமை விட்டு அர்செனல் சென்றதும், 2011-இல் ஆண்ட்ரியா பிர்லோ மிலானிலிருந்து யுவென்டஸ் வந்து தொடர்ந்து நான்கு முறை இத்தாலிய லீக்கை வென்றதும் மிகச் சிறந்த முடிவுகள். இலவசம் என்பதால் அவை சிறந்தவை ஆகவில்லை. கொடுத்த சம்பளத்துக்கு மேல் அந்த வீரர்கள் தந்தார்கள் என்பதால்தான் சிறந்தவை ஆயின.

பாவின் கதையிலும் ஒரு விலை மறைந்திருந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகையை, அதாவது வேறு கழகம் கட்டினால் அவரை விட்டுவிட வேண்டிய தொகையை, மிகக் குறைவாக எழுதியிருந்தார்கள். 2013 ஜனவரியில் ஏறத்தாழ 70 இலட்சம் பவுண்டைக் கட்டிச் செல்சி அவரைக் கொண்டுபோனது. அத்தனை கோல்கள் அடித்த ஒரு முன்கள வீரரை அந்த விலைக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது, அவர் ‘இலவசமாக’ வந்ததற்கு நியூகாசில் தாமதமாகக் கட்டிய கட்டணம்.

டோரஸின் 5 கோடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கையெழுத்திட்டது ஐந்தரை ஆண்டு ஒப்பந்தம். அந்தத் தொகை கழகத்தின் கணக்கில் ஒப்பந்தக் காலம் முழுவதும் பிரித்துப் பதியப்படும் என்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 90 இலட்சம் பவுண்டு, அதன்மேல் சம்பளம் என்று ஆகிறது. ‘ஒரு கோலுக்கு இத்தனை இலட்சம்’ என்று முழுத் தொகையையும் லீக் கோல்களால் மட்டும் வகுத்துத் திரையில் காட்டும் பழக்கம், வகுக்க வேண்டிய எண்ணையும் வகுக்கும் எண்ணையும் ஒருசேரத் தவறாக எடுக்கிறது. அவர் 2014-இல் மிலானுக்குச் சென்றபோது செல்சிக்கு விற்பனைத் தொகை எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மையான இழப்பு. அந்த இழப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஃப்ளாப்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று. அதே நாளில் பென்ஃபிகாவிலிருந்து டேவிட் லூயிஸை வாங்கிய செல்சி, தொகையோடு நெமான்யா மாட்டிச்சையும் பேரத்தில் விட்டுக்கொடுத்தது. அதே மாட்டிச்சை 2014 ஜனவரியில் 2 கோடிக்கு மேற்பட்ட பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2011 ஜனவரியின் மிக விலையுயர்ந்த பிழை இதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த நாளைப் பற்றிய எந்தப் பட்டியலிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

இடக்கால் எழுதியது:

உங்கள் எல்லோருடைய எழுத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் உடன்பட முடியவில்லை. கோல் அடிப்பதற்காக வாங்கப்பட்ட ஒருவர் 110 லீக் ஆட்டங்களில் 20 கோல்கள் அடித்தால், அதைச் சொல்ல ஒரு சுருக்கமான சொல் வேண்டும். ‘ஃப்ளாப்’ கடுமையான சொல்தான், பொய்யான சொல் அல்ல. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 2011 செப்டம்பரில் கோல் காவலரைத் தாண்டிவிட்டுக் காலி வலைக்கு முன் அவர் பந்தை வெளியே அடித்ததை நேரலையில் பார்த்த எவருக்கும், ஒப்பந்தக் காலத்தில் தொகையைப் பிரித்துப் பதிவது ஆறுதல் தராது. அன்றைய தகவல்கள் என்கிறீர்கள். அதற்கு முந்தைய ஓராண்டாகவே அவருடைய வேகம் குறைந்திருந்ததை லிவர்பூல் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். உலகக் கோப்பையில் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆகவே வாங்கிய அன்றே அது தவறு.

‘லிட்டரலி’ விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். அழுத்தம் கொடுக்க வேறு வழியறியாமல், நடக்காத ஒன்றை நடந்ததாகவே சொல்லும் அந்தச் சொல்லை இளம் ரசிகர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

மைதானவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நண்பர் இடக்கால் வேகத்தைப் பற்றிச் சொன்னது வலுவான வாதம். அதை ஏற்றுக்கொண்டே, வேறு இரண்டு இரவுகளையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

2012 ஏப்ரல் 24 அன்று பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், பத்துப் பேரோடு ஆடிய செல்சியின் மாற்று வீரராக வந்த டோரஸ், கடைசி நிமிடங்களில் தனியாக ஓடிச் சென்று சமன் கோலை அடித்தார். மே 19 அன்று மியூனிக்கில் பயர்னுக்கு எதிரான அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில், தாமஸ் முல்லரின் கோலால் செல்சி பின்தங்கிய பிறகு அவரைக் களமிறக்கினார்கள். 88-ஆம் நிமிடத்தில் திதியே ட்ரோக்பா தலையால் முட்டி அடித்த சமன் கோல் ஒரு கார்னரிலிருந்து வந்தது. அந்தக் கார்னரைப் பெற்றுத் தந்தவர் டோரஸ். அடுத்த ஆண்டு யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்திலும் பென்ஃபிகாவுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். ‘ஃப்ளாப்’ என்ற சொல்லில் இவற்றுக்கு இடமே இல்லை. ‘ஏமாற்றமளித்த லீக் ஆட்டக்காரர், பெரிய இரவுகளில் பயன்பட்டவர்’ என்று சொன்னால் என்ன குறைந்துபோய்விடும்? இரண்டு நொடி கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சுவாரஸைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எல்லோரும் ‘ஸ்டீல்’ என்பதை ஒப்புக்கொண்டதாகத் தெரிகிறது. எனக்கு அதிலும் தயக்கம் உண்டு. எதிரணி வீரரைக் கடித்ததற்காக ஹாலந்தில் ஏழு ஆட்டத் தடையில் இருந்தபோதுதான் அவர் வாங்கப்பட்டார். விலை 2.28 கோடியில் நின்றதற்கு அந்த நடத்தையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அந்த ஆபத்து 2013 ஏப்ரலில் மீண்டும் வந்தது. செல்சியின் இவானோவிச்சைக் கடித்ததற்காக அவருக்குப் பத்து ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. தடையின் மிச்சத்தால் முதல் ஐந்து ஆட்டங்களை இழந்த 2013-14 பருவத்தில் அவர் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல்கள் அடித்து, குறைந்தது 6.5 கோடி பவுண்டுக்குப் பார்சலோனா சென்றார் என்பது உண்மைதான். ஆனால் அது தெரிந்தே எடுத்த ஆபத்துக்குக் கிடைத்த பலன். ‘ஸ்டீல்’ என்னும்போது, விற்றவர்கள் ஏமாந்தார்கள், வாங்கியவர்கள் எதையும் பணயம் வைக்கவில்லை என்று ஆகிவிடுகிறது.

என் கேள்விக்கு நானே ஒரு விடை சொல்வதானால், அன்றைய தகவலின்படி தவறான முடிவு கரோலை வாங்கியதுதான் என்றே சொல்வேன். விலை காரணம் அல்ல; அன்பன் அவர்கள் எடுத்துக்காட்டிய தொடைக் காயமும், சுவாரஸ் தரையோடு ஆடும் ஆட்டத்துக்குப் பொருந்தாத பாணியும் வாங்கிய நாளிலேயே கண்ணுக்குத் தெரிந்தவை. டோரஸின் முழங்காலும் தெரிந்ததுதான். ஆனால் 72 லீக் ஆட்டங்களில் லிவர்பூலுக்காக 50 கோல்களை எட்டியவர் மீண்டு வருவார் என்று நம்பப் போதிய காரணம் அன்று இருந்தது.

இந்த மாற்றங்களைத் தனித்தனியாகப் பிரித்து மதிப்பெண் போடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரல் 27 அன்று சுவாரஸின் லிவர்பூல் லீக் கோப்பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்த செல்சி 2-0 என்று வென்றது. ஸ்டீவன் ஜெரார்ட் சறுக்கியபோது முதல் கோலை அடித்தவர், கரோலின் இடத்துக்கு நியூகாசில் கொண்டுவந்த டெம்பா பா. இரண்டாவது கோலுக்குப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வில்லியனிடம் கொடுத்தவர் டோரஸ். அந்தப் பருவத்தில் லிவர்பூல் 101 கோல்கள் அடித்தும் இரண்டு புள்ளிகளில் கோப்பையை மான்செஸ்டர் சிட்டியிடம் இழந்தது.